பாத்திக்கு அடியில் ஒரு பஞ்சாயத்து!

வடுகபட்டிப் பக்கம் வந்திருக்கிறீர்களா? பெரியகுளத்தில் பஸ் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு தூங்கினால்கூடப் பரவாயில்லை. ஊர் வந்துவிட்டது என்று மூக்கு எழுப்பிவிடும். அத்தனையும் பூண்டு! கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிற மலைப்பூண்டு, வடக்கேயிருந்து லாரியில் வருகிற பூண்டு என்று மூட்டை மூட்டையாக வந்து, தரம் பிரிந்து, சாக்கு மாறி, நாலா திசைக்கும் கிளம்பிவிடும். கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்பது எங்கள் அடுத்த பெருமை.

மூன்றாவதாக ஒரு பெருமையைச் சேர்க்கலாம் என்று நான் கிளம்பியதுதான் இந்தக் கதை.

எங்க அப்பா பூண்டுக் கமிஷன் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். பகலெல்லாம் பேரேடு, சாயங்காலம் கொல்லைப்புறத்துப் பாத்தி. கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை... வீட்டு வெஞ்சனத்துக்குக் கடைப்பக்கம் போனதே இல்லை என்று அம்மா இன்றைக்கும் பெருமை பேசுவார். அவர் எழுதிய கணக்கைப் பார்த்து வளர்ந்ததால்தான் நானும் பி.காம். படித்தேன். (அப்புறம் கணக்கு எழுதாமல் இப்படிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பது வேறு சோகம்!)

போன மூன்று வருஷமாக அப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. "மூட்டுத் தேய்மானம். குத்தவெச்சு உக்காரவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாத்தி என்பதே குத்தவைத்து உட்கார்ந்து பார்க்கிற வேலை. கொல்லையில் அருகம்புல்லும் கோரையும் கொடி நாட்டின. அப்பா பின்வாசலில் நாற்காலி போட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டி.வி. போட்டால் பார்ப்பதில்லை. பேப்பர் கொடுத்தால் விசிறிக்கொள்கிறார். ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, கம்பால் களையைத் தோண்டப் போய், ஸ்டூலோடு சாய்ந்தார். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

அன்றைக்கு ராத்திரி அம்மா என்னிடம் சொன்னது ஒரே வரி: "அந்த மனுசனுக்கு ஏதாச்சும் செய்யிடா."

மனுசன் மண்ணிடம் போக முடியாவிட்டால், மண்ணை மனுசனிடம் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே! நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை வைக்கிற உயரத்தில் ஒரு மேட்டுப்பாத்தி. நாலு பக்கமும் ஹாலோ பிளாக். மூன்று வரிசை அடுக்கினால் இரண்டடி உயரம். அகலம் மூன்றடி. சுற்றி வந்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் நடு வரைக்கும் கை எட்டும். இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது?

சிக்கல் அடியில் இருந்தது. சுவர் கட்டுவதற்கு முன்னால் கொத்தனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, அடியில என்ன போடுறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷமும் மூன்று பாத்திகளும் ஆயின.

தலைவர் காலடியில்...

முதல் பாத்திக்கு நான் தேர்ந்தெடுத்தது பிளெக்ஸ் பேனர். ஒரு காதுகுத்துக்கு வைத்த பேனர், சும்மா கிடந்தது. தலைவர் ஒருவர் கும்பிட்டபடி சிரிப்பார். அவருக்குக் கீழே தாய்மாமன்கள் பதினோரு பேர். விரித்துப் போட்டால் கன கச்சிதம். மேலே ஒரு சாண் ஜல்லி. "தண்ணி நல்லா வடியும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல. அதற்கு மேல் மண், எரு, நாற்று.

புரட்டாசி வரைக்கும் அமர்க்களம். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தது பாருங்கள், ஐந்தாம் நாள் கத்தரிச் செடி தலையைத் தொங்கப்போட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நான் மேலும் இரண்டு குடம் ஊற்றினேன். (படித்த முட்டாள் என்று இதைத்தான் சொல்வார்கள்!) வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கறுத்து அழுகி, நாற்றம் மூக்கைத் துளைத்தது. பூண்டு வாசத்தையே ஜெயித்த நாற்றம்!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பேனரில் ஓட்டை போடாததுதான் தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த ஜல்லி.

வேட்டி சொல்லும் விஞ்ஞானம்

அடியில் ஜல்லியோ செங்கல் துண்டோ போட்டால் தண்ணீர் வடியும் என்பது தொட்டிச் செடி வைக்கிற எல்லோரும் நம்புகிற சங்கதி. நம்ப வேண்டாம்!

துவைத்த வேட்டியைக் கொடியில் போடுகிறீர்கள். மேல் பக்கம் முதலில் காய்கிறது. கீழ்க்கரை கடைசி வரை ஈரமாகவே இருக்கிறது. சொட்டுகிற தண்ணீரெல்லாம் சொட்டி முடித்த பிறகும், கரையோரம் ஒரு நாலு விரற்கடை நீர் கோத்துக்கொண்டு நிற்கும். நூலிழைகளுக்கு நடுவே இருக்கிற நுண்ணிய சந்துகள் அந்தத் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன.

மண்ணும் அப்படித்தான். மண் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்னச் சந்து. ஜல்லிகளுக்கு நடுவே பெரிய பெரிய சந்து. சின்னச் சந்தில் இருக்கிற தண்ணீர், மேலே மண் முழுக்க ஊறி இனிப் பிடிக்க முடியாது என்கிற நிலை வரும் வரைக்கும், பெரிய சந்துக்குள் இறங்காது. ஆகவே மண் எங்கே முடிகிறதோ அங்கேதான் 'ஈரக் கரை'. ஜல்லி போடாவிட்டால் அந்தக் கரை பாத்தியின் அடியில் இருக்கும். ஒரு சாண் ஜல்லி போட்டால், அதே ஈரக் கரை ஒரு சாண் மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காசு கொடுத்து ஜல்லி வாங்கி, வேருக்கு நாமே குளம் வெட்டிக் கொடுத்த மாதிரி!

தரையில் கட்டுகிற பாத்திக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். அடியைத் திறந்து விட்டால் போதும். மேல்மண்ணும் கீழ்மண்ணும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கும். வேரும் இரண்டடியோடு நிற்காமல் ஆழமாகப் போகும். மண்புழு மேலே வரும். அடியைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, அதன்மேல் பாத்தி கட்ட வேண்டும். அவ்வளவுதான் இலக்கணம்.

'அப்படியானால் அடியில் எதுவுமே போட வேண்டாமே?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கோரை சிரித்தது.

அட்டைப்பெட்டியும் அழையா விருந்தாளியும்

அருகும் கோரையும் மண்டிய இடத்தில் சும்மா மண்ணைக் கொட்டினால், கொஞ்ச நாளில் மேலே எட்டிப் பார்க்கும். அதற்காக இரண்டாவது பாத்திக்கு அட்டைப்பெட்டி போட்டேன். யோசனை தப்பில்லை. அட்டை வெளிச்சத்தை மறைக்கும். புல் மூச்சு முட்டிச் சாகும். அதற்குள் அட்டையும் மட்கி மண்ணாகிவிடும். தண்ணீரும் மண்புழுவும் போக வழி கிடைத்துவிடும். உலகம் முழுக்கத் தோட்டக்காரர்கள் செய்கிற வேலைதான்.

நான் செய்த தப்பு வேறு. பாத்தியை வீட்டுப் பின்சுவரை ஒட்டிக் கட்டிவிட்டேன். அப்பாவுக்கு வாசலிலிருந்து இரண்டே எட்டு. சௌகரியம் என்று நினைத்தேன்.

ஆறு மாசம் கழித்து அம்மா கூப்பிட்டார். "இங்கன வந்து பாரு..." பின்வாசல் நிலைக்கதவு ஓரமாக, பென்சிலால் கிழித்த மாதிரி மண் கோடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கறையான்! அட்டையும் மரமும் அதற்கு ஒரே சாப்பாடுதான். நான் கீழே பந்தி போட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு அப்படியே மாடிப்படி ஏறியிருக்கிறது. தாத்தா காலத்துத் தேக்கு நிலை. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசுகிற நிலை. அந்த ஒரு வாரம் எனக்கு வீட்டில் சாப்பாடு கிடைத்ததே பெரிய விஷயம்!

ஆகவே பாத்திக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு இடைவெளி விடுங்கள். கறையானுக்கும் நல்லது, அதாவது நமக்கு நல்லது. சுவரில் ஈரம் ஏறாமல் இருக்கவும் நல்லது. கறையான் புற்று இருக்கிற மண்ணில் அட்டையே வேண்டாம்.

கோரை விஷயம் தனி. அது புல் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கீழே கிழங்கு வைத்திருக்கும். உலகத்திலேயே மிகப் பொல்லாத களை என்று பெயர் வாங்கியது. அதன் முளை ஊசி மாதிரி. பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும். அட்டை எம்மாத்திரம்! மண்ணைக் கிளறி, கிழங்கைப் பொறுக்கி எடுத்து வெயிலில் காயப்போட்டால்தான் வழிக்கு வரும். ஒரு தடவை போதாது. முளைக்க முளைக்க எடுக்க வேண்டும். கோரையிடம் பொறுமைதான் ஆயுதம்.

பெருச்சாளிப் படலம்

அடுத்த வரவு பெருச்சாளி. பூண்டு மூட்டையும் தானிய மூட்டையும் அடுக்குகிற ஊரில் அதற்குப் பஞ்சமா? ஒருநாள் காலையில் பார்த்தால் பாத்தி நடுவில் பள்ளம். நாலு தக்காளிச் செடி மல்லாக்கப் படுத்திருந்தது. அடியிலிருந்து சுரங்கம் வெட்டியிருந்தார் பெருச்சாளியார்.

இங்கிலீஷில் பெருச்சாளிக்குப் பெயர் 'பாண்டிகூட்'. தெலுங்கில் 'பந்திக்கொக்கு', அதாவது பன்றி எலி என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரன் அப்படி ஆக்கிக்கொண்டான். பன்றி என்று பெயர் வைத்தவன் அதன் தோண்டலைக் கண்ணால் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்!

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று: கம்பி வலை. அதிலும் கோழிக் கூண்டுக்குப் போடுகிற மெல்லிய அறுகோண வலை ஈரமண்ணில் சீக்கிரம் துருப்பிடித்துப் பொடிந்துவிடுகிறது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய வெல்டிங் வலைதான் தாக்குப்பிடிக்கும். தரையில் விரித்து, ஓரங்களைச் சுவருக்கு அடியில் கொடுத்து அழுத்திவிட வேண்டும். நடுவில் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். தண்ணீர் போகும், வேர் போகும், மண்புழு போகும். பெருச்சாளி மட்டும் போகாது.

டீக்கடை மந்திரிசபை

மூன்றாவது பாத்திக்கு முன்னால் நான் ஊரெல்லாம் யோசனை கேட்டேன். யோசனைக்கு மட்டும் நம் ஊரில் ஜி.எஸ்.டி. கிடையாது. டீக்கடையில் வந்த ஒவ்வொரு வேட்பாளரையும், அவரவர் வரவு செலவோடு தருகிறேன்.

பூண்டு வலைச் சாக்கு: எங்க ஊரில் தடுக்கி விழுந்தால் இதன் மேல்தான் விழ வேண்டும். தண்ணீர் நன்றாக வடியும். ஆனால் எலிக்கு அது நூடுல்ஸ். களையையும் தடுக்காது. நாலைந்து வருஷத்தில் இழை இழையாகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிட்டால், பொறுக்கி எடுக்க நம் ஆயுசு போதாது.

சணல் சாக்கு: நல்ல பிள்ளை. களையைக் கொஞ்ச காலம் அடக்கிவிட்டுத் தானும் மட்கிவிடும். கறையான் பயம் உண்டு. மருந்து, ரசாயனம் வந்த சாக்கு கூடவே கூடாது.

உர மூட்டை, சிமென்ட் மூட்டை: பிளாஸ்டிக் பின்னல். வெயில் பட்டால் நொறுங்கித் தூளாகும். சிமென்ட் மூட்டையில் ஒட்டியிருக்கிற சிமென்ட் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும்.

பிளெக்ஸ்: பி.வி.சி. அது வளைந்து கொடுப்பதற்காக ரசாயனங்களைச் சேர்த்திருப்பார்கள். மேலே அச்சு மை வேறு. சாப்பிடுகிற செடிக்கு அடியில் அது எதற்கு? தலைவரைச் சுவரிலேயே சிரிக்க விடுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு: "சும்மாதான் கிடக்கு, ஒடச்சுப் போடு தம்பி" என்றார் ஒரு பெரியவர். தயவுசெய்து வேண்டாம். உடைக்கும்போது பறக்கிற கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகவே வரலாம்.

களை விரிப்பு: நர்சரிக்காரர்கள் கறுப்பாக விரித்திருப்பார்களே, அது. நடைபாதைக்கு அருமை. பாத்திக்கு அடியில் போட்டால் முதலில் நன்றாக இருக்கும். போகப் போக நுண்ணிய வண்டல் அடைத்து வடிகால் குறையும். வேரும் அதைத் தாண்டிச் சரியாக இறங்காது.

தேங்காய் மட்டை: இதுதான் என் ஓட்டு! பணம் கொடுத்து வாங்க வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் தோப்புக்கா பஞ்சம்? தென்னந்தோப்பில் மட்டையைக் குழிக்குள் புதைக்கிற பழக்கம் நம் விவசாயிகளுக்கு ரொம்ப நாளாக உண்டு. வேளாண் பல்கலைக்கழகமும் அதையே பரிந்துரைக்கிறது. மட்டை தன் எடையைப்போல 3 முதல் 5 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பலன் 5 முதல் 7 வருஷம் வரை நிற்கும். குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க அடுக்க வேண்டும். ஜல்லியைப்போல இது தண்ணீரைத் தடுத்து மேலே நிறுத்தாது. பஞ்சுபோலத் தானே குடித்து, வெயில் காலத்தில் வேருக்குக் கொடுக்கும். தண்ணீர் வரவில் வைத்துச் செலவு செய்கிற நல்ல கணக்கப்பிள்ளை!

மாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

கொல்லை இல்லாதவர்கள் மொட்டை மாடியில் பாத்தி கட்ட நினைத்தால், அடியில் என்ன போடுவது என்பதற்கு முன்னால் எடையைக் கணக்குப் போடுங்கள். மூன்றடிக்கு ஆறடி, ஓரடி ஆழம் என்றால் 18 கன அடி மண். மழையில் ஊறினால் முக்கால் டன்னைத் தாண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும் என்ற கணக்கில்தான் வீட்டு மாடிகளைப் பொதுவாக வடிவமைக்கிறார்கள். உங்கள் பாத்தி அதைப்போல மூன்று மடங்கு! மாடிக்குப் பைதான் சரி. அரசின் தோட்டக்கலைத் துறை 2013-ல் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோதும் பையும் தென்னை நார்க்கழிவுக் கட்டியும்தான் கொடுத்தார்கள். எடை குறைவு. பைக்கு அடியில் இரண்டு செங்கலோ ஸ்டாண்டோ வைத்துக் காற்றோட்டம் விட்டால் போதும். தளம் ஒழுகாது, மாமியார் திட்டமாட்டார்.

மேட்டுப்பாத்தி என்பது ஒன்றும் பொழுதுபோக்குச் சமாசாரம் மட்டுமல்ல. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து, பெட்ரோலும் உரமும் வருவது நின்றபோது, கியூபாக்காரர்கள் நகரத்துக் காலி மனைகளில் சிமென்ட் தடுப்புக் கட்டி, மட்கு உரம் நிரப்பிக் காய்கறி விளைவித்தார்கள். ஒரு தேசமே வயிறு வளர்க்கப் பாத்தி உயர்ந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்காக உயர்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது பாத்தி

சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இடம் பிடித்தேன். கோரைக் கிழங்கை இரண்டு மாசம் பொறுக்கினேன். அடிமண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டேன். மேலே கம்பி வலை. அதன்மேல் பிளாக் மூன்று வரிசை. உள்ளே முதலில், தண்ணீரில் ஊறப்போட்ட தேங்காய் மட்டை இரண்டு அடுக்கு. அடுத்து வாழைமட்டை, காய்ந்த இலை, பூண்டுச் சருகு. இந்தக் காய்ந்த சரக்கெல்லாம் மட்கும்போது மண்ணிலிருக்கிற தழைச்சத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். அதனால் நடுநடுவே சாணிக் கரைசலைத் தாராளமாக ஊற்றினேன். கடைசி ஓரடி உயரத்துக்கு மண்ணும் மட்கிய தொழு உரமும் மட்கிய நார்க்கழிவும் கலந்து நிரப்பினேன். இப்படிச் செய்ததில் பாதி மண்தான் செலவு.

அப்பா மூன்று நாள் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகவே பார்த்தார். நாலாம் நாள் நாற்காலி வெளியே வந்தது. அஞ்சாம் நாள் கை பாத்திக்குள் போனது.

"என்னத்தப்பா வெக்கலாம்? நம்ம ஊர் பேருக்குப் பூண்டு வெப்பமா?" என்றேன்.

"கிறுக்கா! இது பூண்டு விக்கிற ஊருடா. வெளையுறது மலையில. அதுக்குக் குளுரு வேணும்" என்றார். திட்டு விழுந்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 தக்காளி, கத்தரி, ஓரத்தில் கீரை என்று அவரே முடிவு செய்தார்.

இந்த ஐப்பசியிலும் மழை விடாமல் அடித்தது. ராத்திரி இரண்டு தரம் எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் நிற்கவில்லை. திரும்பினால் பின்வாசலில் அப்பா. அவரும் பார்க்கத்தான் வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டோம்.

பத்து மாசம் கழித்துப் போன வாரம் பார்த்தால், பாத்தி அரையடி அமுங்கியிருந்தது. எனக்குப் பகீரென்றது. மறுபடியும் பெருச்சாளியா?

அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். "உள்ளே மட்டையும் எலையும் மக்கிருக்கு, மண்ணு எறங்கிருக்கு. பி.காம். படிச்சவன்தானே? இதுக்குப் பேரு என்ன?"

"தேய்மானம்" என்றேன்.

"ஆங்... ஆஸ்பத்திரியில என் காலுக்கும் அதேதான் எழுதிக் குடுத்தாக" என்று முழங்காலைத் தட்டினார். "இதுக்கு எருவு கெடையாது. அதுக்கு இருக்குல்ல? போய் ரெண்டு கூடை அள்ளிட்டு வா!"